பூனைக்குக் கொடுத்த விளக்கு

நான்கு சனிக்கிழமை மாலைகளில் ஒரு வீடியோ கேமை விளையாடி முடித்தோம். பெயர் 'ஸ்ட்ரே'. தெருவில் திரியும் பூனை என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் மாலை நேரப் படிப்பகத்தில் பதினொரு பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர், நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த லேப்டாப், சுண்ணாம்பு உதிர்ந்த சுவரில் புரொஜெக்டர் வெளிச்சம். கன்ட்ரோலர் ஒன்றே ஒன்றுதான். பூனையை 'மியாவ்' என்று கத்த வைப்பதற்கென்றே இந்த கேமில் ஒரு பொத்தான் இருக்கிறது. கதையை நகர்த்த அதனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. முதல் நாள் சண்டை முழுக்க அந்தப் பொத்தானுக்காகத்தான் நடந்தது.

"இவ்வளவு வேலை கிடக்கும்போது கேமா?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எங்களிடம் அப்போது நல்ல பதில் இல்லை. பிள்ளைகள் எப்படியும் போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒரு தடவை சேர்ந்து உட்கார்ந்து ஒரு கதையைப் பார்க்கட்டுமே என்றுதான் ஆரம்பித்தோம். இவ்வளவு பேச வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

பிரான்சின் மோன்பெலியே நகரத்தில் இருக்கும் புளூட்வெல்வ் ஸ்டூடியோ என்ற சிறிய குழு உருவாக்கிய கேம் இது. 2022 ஜூலை 19 அன்று வெளிவந்தது. ஐந்தாறு மணி நேரத்தில் முடித்துவிடலாம். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. மனிதர் ஒருவரும் உயிரோடு இல்லை. கூரை போட்டு மூடிய ஒரு நகரத்துக்குள் பூனை தவறி விழுந்துவிடுகிறது. அது வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். நகரத்தில் மிஞ்சியிருப்பவை ரோபோக்கள். ஒரு காலத்தில் மனிதர்களுக்கு ஊழியம் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை. எசமானர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவற்றுக்கு மெல்ல மெல்லத் தன்னுணர்வு வந்திருக்கிறது. சட்டை போட்டுக்கொள்கின்றன. ஒன்று தெருவோரம் உட்கார்ந்து கிடார் வாசிக்கிறது. ஒன்று குளிரில் நடுங்குகிறது. அதற்கு ஒரு பாட்டி ரோபோ மின்வயரை வைத்துப் போர்வை பின்னிக் கொடுக்கிறது. இரும்புக்கு ஏன் குளிர வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ரோபோக்கள் பேசுவது பூனைக்குப் புரியாது. பி-12 என்ற குட்டி டிரோன் ஒன்று கூடவே வந்து மொழிபெயர்த்துச் சொல்லும். அது சொல்வது திரையில் இங்கிலீஷில் வரும். அதை நாங்கள் தமிழில் சொல்ல வேண்டும். இந்த மொழிபெயர்ப்பு வேலையில்தான் முதல் இடி விழுந்தது.

நகரம் அடுக்கு அடுக்காக இருக்கிறது. பூனை முதலில் வந்து சேரும் அடித்தளத்தின் பெயர் 'ஸ்லம்ஸ்'. யோசிக்காமல் "சேரி" என்று சொல்லிவிட்டோம். ஏழாவது மாடியிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பையன் உடனே கேட்டான்: "எங்க ஆயா ஊர்ல இருக்கிறதுதானக்கா சேரி? இது எப்பிடி சேரி ஆவும்?" அவன் சொன்னது சரி. சேரி, ஊர் நம்மை ஒதுக்கி வைத்த இடம். அதற்கு ஒரு வரலாறு உண்டு, உறவு உண்டு, கோயில் உண்டு, கோபம் உண்டு. நகரத்தில் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் இடத்துக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டுவது சினிமாக்காரர்கள் செய்கிற வேலை. சமூகவியல் படித்துவிட்டு வந்த நாங்களும் அதையே செய்திருக்கிறோம். அன்றிலிருந்து 'ஸ்லம்ஸ்' என்றே விட்டுவிட்டோம்.

ஸ்லம்ஸிலிருந்து மேலே போக வேண்டுமானால் சாக்கடையைக் கடக்க வேண்டும். அதைத் தாண்டினால் 'ஆன்ட்வில்லேஜ்' என்ற சிற்றூர். அதற்கு மேலே 'மிட்டவுன்': நியான் விளக்கு, கடைகள், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொழிற்சாலை, பறந்து பறந்து கண்காணிக்கும் போலீஸ் டிரோன்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில் கட்டுப்பாட்டு அறை. கீழே இருக்கும் ரோபோக்களில் பெரும்பாலானவை மேல் அடுக்கைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 1920 ஜனவரி 31 அன்று வந்த 'மூக்நாயக்' முதல் இதழில் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சமூகத்தைப் பல மாடிகள் இருந்தும் ஏணியே இல்லாத ஒரு கோபுரத்தோடு ஒப்பிட்டிருப்பார். அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னோம். பெரிதாக எடுபடவில்லை. ஏழாவது மாடிப் பையன் மட்டும், "எங்க பிளாக்ல ஏணி இருக்குதுக்கா, லிஃப்ட்தான் இல்ல" என்றான். லிஃப்ட் இருக்கிறது, ஓடுவதில்லை. அவன் ஆயா மாடியை விட்டு இறங்கிப் பல மாதம் ஆகிறது.

இந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் சென்னையின் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டவை. ஆற்றைச் சீரமைக்கிறோம் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அதாவது சுற்றுச்சூழல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறோம்.

இரண்டாம் சனிக்கிழமை 'ஸர்க்' வந்தது. எலி அளவில் கூட்டம் கூட்டமாகப் பாய்ந்து வந்து பூனைமேல் அப்பிக்கொள்ளும் ஜந்துக்கள். சதையையும் தின்னும், இரும்பையும் தின்னும். இவற்றுக்குப் பயந்துதான் ஸ்லம்ஸ் ரோபோக்கள் தங்கள் இடத்தை விட்டு வெளியே வருவதில்லை. கதை போகப் போக ஸர்க்கின் பூர்வீகம் தெரிகிறது. நெகோ கார்ப்பரேஷன் என்ற கம்பெனி குப்பையைத் தின்பதற்காக உருவாக்கிய பாக்டீரியாதான் அது. நாளடைவில் மாறி, எதையும் தின்கிற ஜந்துவாகிவிட்டது. மனிதர்களைக் கொன்றது கொள்ளைநோய். ஸர்க் அவர்கள் விட்டுப்போன சொத்து.

கேமின் சூழலியல் செய்தி இங்கேதான் இருக்கிறது. குப்பையைக் குறைக்காமல், அதை மாயமாக மறைய வைக்க ஒரு குறுக்குவழி தேடினால் அந்தக் குறுக்குவழியே உங்களைத் தின்னும். நல்ல செய்திதான். பிரசங்கம் செய்யாமல் சொல்கிறது, அதுவும் பிடித்திருந்தது. நாங்கள் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்பு, அதுவரை கன்ட்ரோலரைக் கேட்டே வாங்காதவள், கேட்டாள்:

"அந்த பாக்டீரியா வர்றதுக்கு மின்னாடி குப்பய யாருக்கா அள்ளுனாங்க?"

பி-12 ஒவ்வோர் இடத்திலும் பழைய நினைவுகளை மீட்டெடுத்துச் சொல்லும். மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதற்குச் சுவர் கட்டினார்கள், எப்படிச் செத்தார்கள் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவருகிறது. நாங்கள் மீட்டெடுத்த நினைவுகளில் அவள் கேள்விக்குப் பதில் இல்லை. ஒரு விளக்குமாறுகூட இல்லை. கோடிக்கணக்கில் மனிதர்கள் வாழ்ந்து, தின்று, கழித்த ஒரு நாகரிகத்தில் குப்பை என்பது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகத்தான் இருந்திருக்கிறது. கம்பெனி பாக்டீரியாவைக் கண்டுபிடித்தது, பாக்டீரியா கெட்டுப்போனது. நடுவில் வேலை செய்த ஆட்கள் கதையிலேயே பிறக்கவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் செய்த கேமில் சாதி இல்லையே என்று நாங்கள் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் கதையை அவர்கள் சொல்கிறார்கள். ஆனால் குப்பையும் சாக்கடையும்தான் கதைக்களம் என்று தேர்ந்தெடுத்த பிறகு இந்தக் கேள்வி எந்த நாட்டிலும் எழத்தான் வேண்டும். இந்தக் கற்பனையே ஓர் உண்மையான இடத்தைப் பார்த்து வந்ததுதான். ஹாங்காங்கில் இருந்த கௌலூன் மதில் நகரம். இரண்டரை ஹெக்டேர் சொச்சம் இடம். 1987இல் கணக்கெடுத்தபோது அதற்குள் சுமார் 33,000 பேர் வாழ்ந்தார்கள். பத்துப் பன்னிரண்டு மாடிக் கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கீழ்ச்சந்துகளில் பகலிலும் வெயில் விழாது. லைசென்ஸ் இல்லாத பல் மருத்துவர்கள், மீன் உருண்டை செய்யும் பட்டறைகள், கிணறு தோண்டி மேலே ஏற்றிய தண்ணீர், மொட்டைமாடியில் கொட்டிய குப்பை, அதே மொட்டைமாடியில் விளையாடிய பிள்ளைகள். 1993இல் இடிக்கத் தொடங்கி 1994இல் முடித்தார்கள். இப்போது அங்கே ஒரு பூங்கா. குடியிருந்தவர்களில் சிலர் கடைசிவரை வெளியேற மறுத்தார்கள்.

கேமை உருவாக்கியவர்கள் அந்த நகரத்தின் சந்துகளை, தொங்கும் வயர்களை, ஏ.சி. பெட்டிகளை, விளக்குப் பலகைகளை அவ்வளவு அன்போடு வரைந்திருக்கிறார்கள். பார்த்தால் அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கலாம் போலிருக்கும். ஆனால் ஆட்களை எடுத்துவிட்டார்கள். ஆளில்லாத குடிசைப்பகுதி எப்போதுமே அழகாகத்தான் இருக்கும். இடித்து முடித்த பிறகு எடுக்கிற போட்டோவும் அப்படித்தான்.

மூன்றாம் வாரம் சாக்கடை அத்தியாயம். சுவரெல்லாம் சதை வளர்ந்து, சதையில் கண்கள் முளைத்து, அவை பூனையையே பார்க்கும். பையன்கள் கத்தித் தீர்த்தார்கள். பின்வரிசைப் பெண்ணின் சித்தப்பா ஒப்பந்தத் தொழிலாளி. அடைப்பு எடுக்கப் போகிறவர். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் இந்த அத்தியாயத்துக்கு முன்பு அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எங்களுக்குத் தோன்றவே இல்லை. வெளியே போய்விடுவாளோ என்று திரும்பிப் பார்த்தோம். அவள் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணெல்லாம் இருக்காது. வாடதான் ஆளக் கொல்லும். மூடியத் தொறந்து கொஞ்ச நேரம் வுடணும். எதுவும் வாட வரலன்னா அப்பதான் ஜாஸ்தி பயப்படணும்."

வாட்டர் டேங்கில் தண்ணீர் வருமா வராதா என்று சொல்கிற குரலில் சொன்னாள். அவள் சொன்னதில் கெமிஸ்ட்ரி சரியாக இருக்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் நாற்றத்தை உணரும் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று நினைத்து இறங்குகிறவர் திரும்பி வருவதில்லை. அவரைத் தூக்கப் போகிற அடுத்தவரும்தான்.

பூனைக்கு ஒரு விளக்கு கிடைக்கிறது. ஸ்லம்ஸிலிருந்து வெளியே போய் மாட்டிக்கொண்ட 'டாக்' என்ற ரோபோ கண்டுபிடித்தது. ஊதா வெளிச்சம் அடித்தால் ஸர்க் பொசுங்கிவிடும். அதிக நேரம் அடித்தால் விளக்கு சூடேறி நின்றுவிடும், ஆற விட வேண்டும். சாக்கடையைத் தாண்டுகிற நேரத்தில் அது கெட்டும் போய்விடும். அதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னது இதுதான்: "பூனைக்கு இதாச்சும் குடுத்தாங்க."

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் மியாவ் பொத்தானையும் யாரும் அமுக்கவில்லை.

கௌலூனை இடிக்கத் தொடங்கிய அதே 1993இல்தான் இங்கே கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான முதல் சட்டம் வந்தது. பாதாளச் சாக்கடைக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று 2013 சட்டம் சொன்னது. 1993 முதல் சாக்கடையில் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இவ்வளவையும் அன்றைக்கு அவளிடம் சொன்னோம். "செத்தா தானக்கா அது?" என்றாள். சட்டத்தில் வேறு பிரிவுகளும் இருக்கின்றன, மறுவாழ்வு, மாற்றுத்தொழில், கருவிகள் எல்லாம். ஆனால் அவளைச் சுற்றி இருப்பவர்கள் கேள்விப்பட்டது இழப்பீட்டுத் தொகையை மட்டும்தான். அது அவள் தவறல்ல.

இப்போது அந்தச் சுற்றுச்சூழல் விஷயத்துக்கு வருவோம். கதையின் பிற்பகுதியில் பி-12க்குத் தன்னைப் பற்றிய நினைவு திரும்புகிறது. அது டிரோன் அல்ல. ஒரு விஞ்ஞானி தன் மனத்தை இயந்திரத்துக்குள் ஏற்றிவைத்திருக்கிறார். மனித இனத்தின் கடைசி ஆள். அதன் பிறகு அது மனிதர்களைப் பற்றிப் பேசும்போது தன்னையும் சேர்த்துக்கொண்டு பேசுகிறது. இங்கிலீஷில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் நாம் தேர்ந்தெடுத்தாக வேண்டும்: நாம் என்பதா, நாங்கள் என்பதா? 'நாம்' என்றால் எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் பதினொரு பேரையும் சேர்த்துக்கொள்கிறோம். 'நாங்கள்' என்றால் அவர்களை வெளியே நிறுத்துகிறோம். நாங்கள் பழக்கதோஷத்தில், மேடையில் பேசுகிற மாதிரி, "நாம்தான் எல்லாத்தையும் கெடுத்துட்டோம்" என்றோம்.

"நாம இல்லக்கா. அவுங்க," என்று திருத்தினான் ஏழாவது மாடிப் பையன்.

பள்ளியில் சுற்றுச்சூழல் தினத்துக்குப் பேச்சுப்போட்டி வைப்பார்கள். நாம் பூமியை அழிக்கிறோம், நாம் ஆற்றைக் கெடுத்தோம், நாம் திருந்த வேண்டும். எங்கள் பிள்ளைகளும் மனப்பாடம் செய்து பேசிப் பரிசு வாங்குகிறார்கள். ஆற்றங்கரையில் வீடு இருந்தபோது அவர்கள் காதில் விழுந்தது வேறு: "நீங்கதான் ஆத்த நாசம் பண்ணீங்க." கூவத்தில் கலப்பது நகரம் முழுவதிலிருந்தும் வந்து விழும் சாக்கடை. கரையில் இருந்த குடிசைகளை எடுத்த பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆற்றின் பெயரால் அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கொண்டுவந்து வைத்தது சதுப்பு நிலத்துப் பக்கம். இந்த கேம் வெளிவந்த அதே 2022 ஜூலையில்தான் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தியும் வந்தது. நல்ல செய்தி. நாங்களும் மகிழ்ந்தோம். அந்தச் சதுப்பு நிலத்தின் மேல்தான் பெருங்குடிக் குப்பைமேடு இருக்கிறது, காற்று திரும்பினால் அதன் புகையும் நாற்றமும் யார் வீட்டுக்கு வருகின்றன என்று யாராவது சேர்த்துப் பேசியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்போம். பொறுப்பைப் பங்கு போடும்போது 'நாம்', இடத்தைப் பங்கு போடும்போது 'நீங்கள்'. இந்தக் கணக்கு பையனுக்கு எங்களைவிட வேகமாகப் புரிந்திருக்கிறது.

மிட்டவுன் அத்தியாயத்தை வேகமாகக் கடந்தோம். அங்கே ஒரு ரோபோ கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கிறது. சிறையில் அடைபடும் ரோபோக்களின் நினைவை அழித்துவிடுகிறார்கள். கிளெமென்டைன் என்ற ரோபோ பூனையைத் தப்பவைக்கக் காவல் டிரோன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பின்தங்கிவிடுகிறது. போராட்டத்தில் இருக்கும் தோழர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உச்சியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பளிச்சென்று இருக்கிறது. ஒரு குப்பை இல்லை. ஏன் இல்லை என்றால், அங்கே சில ரோபோக்கள் இன்னமும் துடைத்துக்கொண்டிருக்கின்றன. கீழே இருப்பவை போல இவற்றுக்குத் தன்னுணர்வு வரவில்லை. சட்டை இல்லை, பெயர் இல்லை, பாட்டு இல்லை. துடைக்கச் சொன்னவர்கள் செத்து எவ்வளவோ காலம் ஆகிறது. கேமிலேயே எங்களை அதிகம் உலுக்கிய காட்சி அதுதான். பின்வரிசைப் பெண் தேடியவர்கள் ஒருவேளை இவர்கள்தானோ என்று எங்களுக்கு ஒரு கணம் தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் பி-12 தன்னையே பலிகொடுத்துக் கூரையைத் திறக்கிறது. வெயில் கொட்டுகிறது. ஸர்க்குகள் கருகிப்போகின்றன. ரோபோக்கள் முதல் தடவையாக வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. பூனை வெளியே நடந்துபோகிறது. முடிந்தது.

"அவ்ளோதானா? அந்த ரோபோங்கள்லாம் வெளிய வருமா வராதா?" பெரிய வாக்குவாதம். கூரை திறந்துவிட்டது, வந்துவிடும் என்றார்கள் சிலர். கூரை திறந்தால் போதுமா, படிக்கட்டு வேண்டாமா என்றான் ஏழாவது மாடிப் பையன். பூனைக்கு ஏறத் தெரியும், பாட்டி ரோபோவுக்குத் தெரியாதே. அவன் யாரை நினைத்துச் சொன்னான் என்பது எங்களுக்குப் புரிந்தது.

அடுத்த வாரம் பிள்ளைகளே ஒரு சார்ட் பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். நாங்களே ஒரு கேம் செய்கிறோம், குப்பை நகரம், அடுக்கு அடுக்காக. விதிகளை எழுதும் பொறுப்பைப் பின்வரிசைப் பெண் எடுத்துக்கொண்டாள். முதல் விதி: கீழே யாரும் இறங்கக் கூடாது, மிஷின்தான் இறங்கும். மிஷின் நிஜமாகவே இருக்கிறது என்று சொன்னோம். கேரளத்து இளம் பொறியாளர்கள் செய்த ரோபோ, 2018 முதல் திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்குகிறது, பெயர் 'பேண்டிகூட்', அதாவது பெருச்சாளி. பூனைக்கு அப்புறம் பெருச்சாளியா என்று ஒரே சிரிப்பு.

அதோடு சண்டையும் ஆரம்பித்தது. மேலே நின்று அந்த மிஷினை ஓட்டுவது யார்? "எங்க சித்தப்பா ஓட்டட்டும், அவுருக்குதான் எந்த எடத்துல அடைக்கும்னு தெரியும், சம்பளமும் ஜாஸ்தி தரணும்" என்றாள் அவள். "ஏன், மறுபடியும் உங்க சித்தப்பாதானா? மேல் மாடிக்காரன் வந்து ஓட்டட்டுமே" என்றான் அவன். இரண்டாவது விதிக்கு இடம் விட்டு மூன்றாவதை எழுதியிருக்கிறார்கள். அந்த இடம் மூன்று வாரமாகக் காலியாக இருக்கிறது.